சுப்பாராவும் மேற்கோள் எண்ணும்

ஆராய்ச்சித் துறையிற் புகுந்த நம் குலத்து இளைஞர்க்குச் சங்கத்தின் சார்பிற் பரிசில் வழங்குங்கால், அவர்தம் கட்டுரைகளைப் பிறர் எத்துணை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்னும் எண்ணையே அளவையாகக் கொள்ளலாம் என அன்பர் சிலர் கூறி வருகின்றனர். அவ்வெண்ணின் இயல்பை எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் உயிர்வேதியியற் பெரியாரின் வரலாற்றால் ஆராயப் புகுகின்றோம். அவர் நம் குலாலர் குலத்தவரல்லர், ஆந்திர நாட்டினர். ஆயினும் சென்னையிற் கற்றவர்.

அவர் 1895 ஜனவரி 12இல் பீமவரத்திற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறினார். (நம் பெற்றோர் இதனை நினைவிற் கொள்க.) சென்னை மருத்துவக் கல்லூரியிற் கதராடை அணிந்து அறுவைக்கூடம் புகுந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் பெறாது, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். ஸ்புரூ என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்த துயரோடு 1923இல் அமெரிக்கா சென்று ஹார்வார்டை அடைந்தார்.

ஆங்கு அவரும் பிஸ்கே என்பாரும் 1925இல் வெளியிட்ட கட்டுரை, குருதி முதலியவற்றிலுள்ள பாஸ்வரத்தை நிறங்கொண்டு அளக்கும் முறையைக் கூறுவது. மாலிப்டேட்டும் தக்கதோர் ஒடுக்குபொருளும் சேர்க்க நீர்மம் நீலமாகும். நீலம் செறியுமளவிற்குப் பாஸ்வரம் மிகுதி. சூளையில் நெருப்பின் நிறங்கண்டே வேக்காட்டை அறியும் நம்மவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. பாஸ்வரத்தை அளக்க வேண்டிய ஆய்வுக்கூடங்களிலெல்லாம் இம்முறை பரவிற்று. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இதனை மேற்கோள் காட்டின.

வியப்பு யாதெனின், தசைச்சாற்றில் அந்நீலம் உடனே முற்றத் தோன்றாது, சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே சென்றது. பிறர் பிழையென ஒதுக்கியிருக்கத்தக்க அத்தாமதத்தை இருவரும் ஒதுக்கிற்றிலர். எளிதிற் சிதையும் ஒரு பாஸ்வரக் கூட்டுப்பொருள் ஆண்டு உளதென உய்த்துணர்ந்து, 1927இல் பாஸ்போகிரியேட்டினை வெளியிட்டனர். 1929இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் தசையிற் கண்டனர். ஜெர்மானியராகிய லோமன் என்பாரும் அவ்வாண்டே தனித்துக் கண்டார். உயிரணுக்களில் ஆற்றலைக் கைமாற்றும் பொருள் அதுவே.

இன்று ஏ.டி.பி.யைப் பற்றி எழுதுவோருள் 1929ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டுவோர் அரியர். அஃது எல்லார்க்கும் பொதுப்பொருளாகிவிட்டது. தொல்காப்பியனார் முன்னோர் கருத்தைக் கூறுமிடத்துப் பெயர் சுட்டாது, புலவர் என்றே கூறிச் செல்லும் மரபை ஈண்டு நினைக. சிறிய உண்மைக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய உண்மை பெயரை உதிர்த்துவிடும். 'நேச்சர்' இதழ் 2014இல் ஆராய்ந்து வெளியிட்ட பட்டியலில் முதலிடம் பெற்றது, புரதத்தை அளக்கும் முறையை லௌரி முதலியோர் 1951இற் கூறிய கட்டுரை. அதன் மேற்கோள் மூன்று லட்சத்திற்கு மேல். மரபணுப் பொருளின் இரட்டைச் சுருளை 1953இல் விளக்கிய கட்டுரையோ முதல் நூற்றினுள்ளும் இடம் பெற்றிலது! முறை கூறுவோர் தாழ்ந்தோர் என்பது எம் கருத்தன்று, அந்நீலநிறமே ஏ.டி.பி.க்கு வழிகாட்டிற்று. எண் ஒன்றையே நம்பின் சுப்பாராவின் பாதியைத்தான் காண்போம் என்பதே யாம் கூறுவது.

ஹார்வார்டில் நிலையான பதவி கிட்டாமையால் 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தை அடைந்தார். அவர் தலைமையிலுழைத்த குழுவினர் 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொண்ட ஸ்புரூவிற்கு மருந்தாயிற்று அது. அதனை ஒத்து எதிராக வேலை செய்யும் அமினோப்டெரின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சிறிது காலமேனும் தணிக்கவல்லது என்பதைப் பாஸ்டன் நகர மருத்துவர் பார்பர் 1948இற் காட்டினார்.

அவ்வாண்டு ஆகஸ்டு திங்களில், 53ஆம் வயதிற் சுப்பாராவ் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு அக்குழுவினரிடமிருந்து வெளிவந்த மருந்தொன்று ஹெட்ரசான். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களை அழிப்பது. டி.இ.சி. மாத்திரை எனத் தமிழகத்தில் வீடுதோறும் சென்று சுகாதாரப் பணியாளர் கையிற் கொடுத்து விழுங்கச் செய்தது அம்மருந்தே. விழுங்கினோர் எவரும் எந்தக் கட்டுரையிலும் அவரை மேற்கோள் காட்டிற்றிலர்.