பூந்தொட்டிப் பத்திரத்தில் ஒரு பாலம்

1867 ஜூலை 16 அன்று பிரான்ஸில் ஜோசஃப் மோனியே என்ற தோட்டக்காரர் ஒரு காப்புரிமை பதிவு செய்தார். எதற்கு? செடி வளர்க்கும் தொட்டிக்கு. இன்று கம்பி கட்டிக் காங்கிரீட் கொட்டும் ஒவ்வொரு வீட்டுத் தளத்துக்கும் அந்தத் தொட்டி ஒருவகையில் மூத்த உறவு.

மோனியே (1823–1906) பிறந்தது தெற்கு பிரான்ஸில், மட்பாண்டத்துக்குப் பேர்போன சாந்-காந்தேன்-லா-பொத்ரி என்ற ஊரில். மண்தொட்டியின் பலவீனத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்நாளைய பணக்காரர்களின் ஆரஞ்சு மரங்கள் கோடையில் வெளியே நிற்கும்; குளிர் வந்தால் கண்ணாடி மண்டபத்துக்குள் போகும். தூக்கி வைக்கும்போது மண்தொட்டி உடையும், மரத்தொட்டியோ ஈரத்தில் இற்றுப்போகும். மோனியே உருண்டைக் கம்பியோ சதுரக் கம்பியோ எடுத்து, மெல்லிய கம்பியால் வலைபோலப் பின்னி, தொட்டியின் உருவத்தைச் செய்தார். அதன்மேல் 1 முதல் 4 சென்டிமீட்டர் கனத்துக்கு சிமென்ட் பூசினார். வேலை முடிந்தது.

வில்லங்கம் எழுத்தில் இருந்தது. இரும்பும் சிமென்ட்டும் கொண்ட, இடம் மாற்றக்கூடிய, தோட்டக்கலைக்குப் பயன்படும் தொட்டிகள் என்பதே தலைப்பு. நிலப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போலத்தான் காப்புரிமையும். எல்லைக்கு அந்தப் பக்கம் அடுத்தவன் கொட்டகை போட்டால் கேட்க முடியாது. தோட்டக்கலை என்று எழுதிவிட்டபின் தண்ணீர்க் குழாய்க்கு உரிமை செல்லுமா? இடம் மாற்றக்கூடியது என்றபின் பாலத்துக்கு?

மோனியேவுக்கே அந்த ஐயம் இருந்திருக்க வேண்டும். 1868-ல் குழாய், 1869-ல் கட்டடப் பலகை, 1873-ல் பாலம் என்று ஒவ்வொன்றுக்கும் கூடுதல் சான்றிதழ் வாங்கிப் பழைய பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டே போனார். பிரான்ஸின் 1844 சட்டப்படி கூடுதல் சான்றிதழுக்குத் தனி ஆயுள் கிடையாது; மூலப் பத்திரம் செத்தால் அதுவும் செத்தது. மூலத்துக்கு அதிகபட்சம் 15 ஆண்டு. ஆக, பாலத்தின் உரிமை பூந்தொட்டியோடு சேர்ந்து 1882-ல் முடிந்தது. அவர் 1875-ல் ஷாஸ்லே கோட்டை அகழியின் மேல் கட்டிய பாலம் என்னவோ இன்னும் நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை. கம்பிவலையில் சிமென்ட் பூசிப் படகு செய்த லாம்போ 1855-லேயே உரிமை வாங்கியிருந்தார். ஈரத்தில் மரம் கெடும் இடங்களுக்கெல்லாம் தன் பொருள் பொருந்தும் என்று அவர் போட்ட பட்டியலில் செடித்தொட்டியும் உண்டு! பிறகு மோனியேவுக்கு எப்படிக் கிடைத்தது? பிரெஞ்சு அலுவலகம் ஆராய்ந்து பார்த்து உரிமை கொடுக்கவில்லை, கேட்டவருக்குக் கொடுத்தது. அதனால்தான் காப்புரிமையைச் சொல்லி விற்கும் சரக்கின்மேல் அரசு உத்தரவாதம் இல்லை என்று குறிக்கச் சொன்னது சட்டம்.

ஜெர்மனியின் 1877 சட்டம் கறாரானது. விண்ணப்பத்தை ஆராய்வார்கள், எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதை விண்ணப்பத்தில் துல்லியமாக எழுதவும் வேண்டும். அங்கே 1880 டிசம்பரில் பதிவான மோனியேவின் 14673-ம் எண் காப்புரிமையில் தோட்டம் காணாமல் போயிற்று. உலோகக் கூட்டையும் சிமென்ட்டையும் இணைத்துப் பல்வகைப் பொருள்கள் செய்யும் முறை என்று தலைப்பே விரிந்தது. எழுதினால் இப்படி எழுத வேண்டும். 1880-களின் நடுவில் பொறியாளர் வைஸ் இந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு பெரும் தொழிலே நடத்தினார்.

ஆனால் கம்பி எங்கே இருக்க வேண்டும்? மோனியேவுக்குக் கம்பி உருவம் தரும் எலும்புக்கூடு. தொட்டிச் சுவரின் நடுவில் இருந்தாலே போதும். தளத்துக்கு அது ஆகாது. பாரம் ஏறினால் அடிப்பக்கம் இழுபடும், சிமென்ட் இழுவிசை தாங்காது. கம்பியை இழுபடும் பக்கத்தில் போடவேண்டும் என்று கணக்குப் போட்டு 1886-ல் வெளியிட்டவர் மத்தியாஸ் கோனன். என் கணிப்பில் தொட்டி கட்டடமானது அந்தக் கணக்கில்தான்.

பிரான்ஸில் பணம் பார்த்தவர் வேறொருவர். பிரான்சுவா எனெபிக் 1892-ல் காங்கிரீட் உத்திரத்துக்கு உரிமை வாங்கிப் பல நாடுகளில் முகவர்களை வைத்தார். மோனியேவோ 1888-லேயே திவாலாகியிருந்தார். 1903-ல் எனெபிக்கின் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பானது. காரணம், மோனியே 1878-ல் உத்திரத்துக்கு வாங்கியிருந்த உரிமை. அதையும் அவர் தனியாக வாங்கவில்லை. ரயில் தண்டவாளக் கட்டைக்கான ஒரு பத்திரத்தோடு சேர்த்திருந்தார்.