தலிராண்டும் வியன்னா மகாநாடும்

தோல்வியுற்ற நாடொன்றின் தூதுவர் வெற்றிபெற்றோர் சபையில் எதனைத் துணையாகக் கொண்டு வாதிட முடியும்? 1814 செப்ரெம்பரில் வியன்னாவை அடைந்த பிரான்சியப் பிரதிநிதி தலிராண்ட் எதிர்நோக்கிய வினா இதுவாகும். அவர் கண்ட விடை அவரது ஆற்றலை மட்டுமன்றி அதன் எல்லையையும் புலப்படுத்துகின்றது.

1754 இல் பாரிசில் உயர்குடியிற் பிறந்த தலிராண்ட், கால் ஊனமுற்றிருந்தமையாற் படைத்துறைக்கு ஏற்றவரல்லர் எனக் கருதப்பட்டுத் திருச்சபைப் பணிக்கு விடப்பட்டார். ஆயராக விளங்கிய அவரே 1789 ஒக்ரோபரில் திருச்சபைச் சொத்துக்களை அரசுடைமையாக்கும் யோசனையைத் தேசிய சபையில் முன்வைத்தார். 1797 இல் நெறியாளர் குழு ஆட்சியின் வெளிநாட்டமைச்சரானார். ஈராண்டுகளில் அவ்வாட்சியைக் கவிழ்க்க நெப்போலியனுக்கு உதவினார். 1808 இல் ஏர்பூட் நகரிலே, நெப்போலியனுக்கு இணங்கலாகாதென ரஷ்யப் பேரரசர் அலெக்சாண்டருக்கு இரகசியமாக அறிவுறுத்தியவரும் அவரே. பின்னர் ஒஸ்திரியாவிடம் பணம் பெற்றுச் செய்திகளும் வழங்கினார். நெப்போலியன் வீழ்ந்ததும் பூர்பன் வம்சத்தை மீள அழைப்பதில் முன்னின்றார்.

வியன்னாவில் முக்கிய பிரச்சினைகளைத் தாமே தீர்க்கப் பிரித்தானியா, ஒஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா ஆகிய நால்வல்லரசுகளும் எண்ணியிருந்தன. அவை தம்மை 'நேச நாடுகள்' எனக் குறித்தமையைத் தலிராண்ட் ஆட்சேபித்தார். மே மாதத்திலேயே சமாதானம் ஒப்பமிடப்பட்டபின், யாருக்கெதிராக நேசம் என்பதே அவரது வாதம். படைவலியால் மட்டும் ஒருவரது ஆட்சியுரிமை அழியாதென்னும் நியாயவுரிமைக் கோட்பாட்டையும் அவர் முன்வைத்தார். சக்சனி முழுவதையும் பிரஷ்யாவும், போலந்தின் பெரும்பகுதியை ரஷ்யாவும் வேண்டியமை பிரித்தானியாவையும் ஒஸ்திரியாவையும் அச்சுறுத்தியிருந்தது. அவ்வச்சம் தலிராண்டுக்கு வாய்ப்பாயிற்று. 1815 சனவரி 3 ஆம் நாள் அவ்விரு நாடுகளும் பிரான்சுடன் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டன. பாரிஸ் வீழ்ந்து ஓராண்டு நிறையுமுன்னரே பிரான்சின் தனிமை நீங்கிற்று. ஈற்றிற் பிரஷ்யா பெற்றது சக்சனியின் ஒரு பகுதியையேயாம்.

எனினும் இவ்வெற்றி நிலைக்கவில்லை. மார்ச்சில் நெப்போலியன் மீண்டதாலும் வாட்டர்லூவில் தோற்றதாலும், பிரான்சு 70 கோடி பிராங்கு நட்டஈட்டையும் 1,50,000 அந்நியப் படையினரையும் ஏற்கவேண்டியதாயிற்று. அவ்வுடன்படிக்கை நவம்பரில் ஒப்பமிடப்படுமுன்னரே தலிராண்ட் பதவி துறந்துவிட்டார்.

நியாயவுரிமை அவருக்கு உண்மையான நம்பிக்கையா, வெறுங் கருவியா? 1830 இற்குப் பின் அவர் இலண்டனில் ஆற்றிய பணி இதற்கு விடை தருகின்றது. வியன்னாவில் ஏற்கப்பட்ட நெதர்லாந்து மன்னருக்கெதிராகப் பெல்ஜிய மக்கள் கிளர்ந்தபோது, அவர் மன்னரின் உரிமையை வலியுறுத்தவில்லை. பிரித்தானியாவுடன் ஒத்துழைத்துப் பெல்ஜியத்தின் சுதந்திரத்துக்கும் நடுநிலைமைக்குமே பாடுபட்டார். கோட்பாடு மாறியது, பிரான்சு தன் எல்லைக்குள் அடங்கிப் பிரித்தானியாவுடன் சமாதானமாய் வாழவேண்டுமென்னும் நோக்கம் மாறவில்லை.

இதனால் அவர் பெற்ற கையூட்டுக்கள் நியாயமாகிவிடா. சக்சனியரையோ போலந்து மக்களையோ வியன்னாவில் எவரும் கலந்தாலோசிக்கவில்லை என்பதும் மறக்கற்பாலதன்று. அவர் காத்தது மன்னரின் உரிமையையேயன்றி மக்களின் உரிமையையன்று. ஆயினும் ஆட்சியாளர் பலரைக் கைவிட்ட அவர், நாட்டின் நலனை ஆட்சியாளரின் பேராசையினின்றும் வேறுபிரித்து நோக்கினார் என்பதை ஏற்றேயாகவேண்டும். 1838 இல் அவர் மறைந்தார். மறுவருடம் இலண்டன் உடன்படிக்கையால் உறுதிசெய்யப்பட்ட பெல்ஜிய நடுநிலைமை 1914 வரை நிலைத்திருந்தது.