இந்தியாவில் இன்ஃப்ளுயன்ஸாவை எண்ணிய வரலாறு

1918-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தை எட்டிய இன்ஃப்ளுயன்ஸா, செப்டம்பரில் கொடிய இரண்டாம் அலையாக எழுந்து நாடெங்கும் பரவியபோது, அதன் அளவை அறிய ஆங்கிலேய அரசிடம் இருந்த முதன்மைக் கருவி சாவுப் பதிவேடுதான். சென்னை மாகாணத்தில் கிராம முன்சீப்பு எழுதிவந்த அப்பதிவேட்டில் காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சுநோய் என்று சில தலைப்புகளே இருந்தன. இன்ஃப்ளுயன்ஸாவுக்கென்று தனியிடம் இல்லாததால் அதில் மாண்டோர் பெரும்பாலும் காய்ச்சல் என்ற தலைப்பின்கீழேயே சேர்க்கப்பட்டனர். அரசின் சுகாதார ஆணையராக இருந்த நார்மன் ஒயிட், வழக்கமான ஆண்டுகளின் சாவுகளோடு அவ்வாண்டின் சாவுகளை ஒப்பிட்டு, மிகுதியாக நேர்ந்தவற்றை இந்நோயின் கணக்கில் வைத்தார். அவ்வாறு அவர் கண்ட தொகை ஏறத்தாழ 60 லட்சம். பிற்கால மக்கள்தொகை ஆய்வாளர்கள் குடிக்கணக்கெடுப்புகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது அது ஒன்றேகால் கோடியிலிருந்து இரண்டு கோடி வரை உயர்ந்தது. பதிவேட்டை எழுத வேண்டியவர்களே நோயில் விழுந்துகிடந்த ஊர்களில் சாவுகள் எழுதப்படாமலே போயின என்பது இவ்வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம். நாட்டின் வரலாற்றில் மிகப் பெரிய நோய்ச்சாவு, நடந்த காலத்தில் சரியாக எண்ணப்படவில்லை என்பதை மறக்கலாகாது.

சாவை எண்ணுவது, நோய் வந்து போனபின் அதன் தடத்தை அளப்பதாகும். நோயைப் பரவும்போதே அறிய வேண்டுமானால் உயிரோடிருக்கும் நோயாளியின் உடலில் அதன் கிருமியைக் காண வேண்டும்; அதற்கான வழி 1933-இல்தான் திறந்தது. லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் மனிதரிடமிருந்து இன்ஃப்ளுயன்ஸா வைரஸைப் பிரித்தெடுத்து, ஃபெரட் என்னும் சிறுவிலங்குக்கு அந்நோயை வரவழைத்துக் காட்டினர். பின்னர் கரு வளரும் கோழிமுட்டையில் வைரஸை வளர்க்கும் முறை வந்தது. 1941-இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட், அவ்வாறு வளர்ந்த வைரஸ் கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதைக் கண்டார். ஒரு கண்ணாடிக் குழாயில் அணுக்கள் திரள்கின்றனவா என்று பார்த்தே வைரஸ் இருப்பதை அறியவும், முன்னர் வந்த வகையிலிருந்து அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்கவும் இதனால் முடிந்தது. இவ்வைரஸ் தன் மேற்புறப் புரதங்களை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வது. ஆகவே அதை ஒருமுறை கண்டறிந்ததோடு வேலை முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் முறையாகத் தொடங்குவதற்கு முன்பே, 1947-இல், லண்டனில் ஆண்ட்ரூஸின் பொறுப்பில் உலக இன்ஃப்ளுயன்ஸா மையம் ஒன்றை அமைக்கவும், பல நாடுகளின் ஆய்வகங்கள் தாம் பிரித்தெடுக்கும் வைரஸ்களை அங்கே அனுப்பவும் ஏற்பாடானதற்கு இதுவே காரணம்.

அந்த உலகப் பின்னலில் இந்தியாவின் கண்ணியாக அமைந்தது நீலகிரியிலுள்ள குன்னூர். வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காக 1907-இல் அங்கே திறக்கப்பட்ட பாஸ்டர் நிறுவனத்தில் இந்திய அரசின் இன்ஃப்ளுயன்ஸா மையம் இயங்கிவந்தது. நோயாளி தொண்டையைக் கொப்பளித்த நீரைப் பெற்று, முட்டையில் செலுத்தி, அடைகாத்து, சில நாள்களுக்குப் பின் சிவப்பணுக்களோடு கலந்து பார்ப்பதே அங்கு நடந்த வேலையின் சாரம். குளிர் காக்கும் வசதி அரிதாயிருந்த அந்நாளில், நெடுந்தொலைவிலிருந்து வரும் மாதிரி கெடாமல் மலையேறிச் சேர்வதே பெரிய காரியமாக இருந்திருக்க வேண்டும்.

1957-இல் இம்மையத்துக்குப் பெருஞ்சோதனை வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் தென்மேற்குச் சீனாவில் தோன்றிய புதிய வைரஸ் ஏப்ரலில் ஹாங்காங்கையும், அடுத்துச் சிங்கப்பூரையும் அடைந்து, மே மாதத்தின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலின் வழியே சென்னையில் இறங்கியது. மலாயாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே உழைப்பாளரையும் வணிகரையும் ஏற்றி இறக்கிய அந்தக் கடல்வழியே நோய்க்கும் வழியாயிற்று. சீனா அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் பின்னலுக்கு வெளியே இருந்ததால், நோய் அந்நாட்டுக்குள் பரவிக்கொண்டிருந்த முதல் வாரங்களின் செய்தி உலகை எட்டவில்லை. எட்டியிருந்தால் துறைமுகங்களும் மருத்துவமனைகளும் ஆயத்தமாக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். கண்காணிப்பின் வலையில் ஒரு நாடு விடுபட்டால் அதன் விலையைப் பிற நாடுகளும் செலுத்த நேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்நூற்றாண்டில் அரிது.

மாநிலங்களின் சுகாதாரத் துறைகள் அனுப்பிய அறிக்கைகளைக் குன்னூர் மையம் திரட்டியது. 1957 மே முதல் 1958 பிப்ரவரி வரை பதிவான நோயாளிகள் 44,51,785 பேர்; இறந்தவர்கள் 1,098 பேர். ஒரு நோயை அது நாட்டுக்குள் நுழைந்த துறையிலிருந்தே தொடர்ந்து பின்சென்று எழுதிய இக்கணக்கு, 1918-இன் இருளோடு ஒப்பிடும்போது பெருஞ்சாதனையே. ஆயினும் சுமார் 40 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் இத்தொகை நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டியே நிற்கிறது. அப்போது பிற நாடுகளில் நால்வரில் அல்லது ஐவரில் ஒருவரை இந்நோய் படுக்கவைத்தது என்று மதிப்பிடப்பட்டது. மருத்துவமனையின் படியேறாமல் வீட்டிலேயே கஷாயம் குடித்துத் தேறியவர்களும், வீட்டிலேயே மாண்டவர்களும் குன்னூரின் கணக்கில் இல்லை.

அலை ஓய்ந்ததும் அக்கறையும் ஓய்ந்தது. புனேயில் 1952-இல் தொடங்கிய வைரஸ் ஆய்வு மையம் 1978-இல் தேசிய வைரவியல் நிறுவனமாக உயர்ந்து, இன்ஃப்ளுயன்ஸா ஆய்வையும் நடத்திவந்தது என்றாலும், பல ஊர்களில் ஆண்டு முழுவதும் ஒரே முறையில் மாதிரி எடுக்கும் ஏற்பாடு உருவாக இருபத்தொன்றாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஆசியாவில் பறவைக்காய்ச்சல் பற்றிய அச்சம் பரவிய 2004-ஐ ஒட்டியே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நகரங்களின் மருத்துவமனைகளை இணைத்து அத்தகைய பின்னலை அமைத்தது. எல்லா நோயாளிகளையும் எண்ண முயலாமல், தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில், வரையறைக்குள் வரும் நோயாளிகளின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் சளி எடுத்து வாரந்தோறும் சோதிப்பதே இம்முறையின் அடிப்படை. வரையறையும் எளிது: பத்து நாள்களுக்குள் தொடங்கிய இருமலும் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சலும் இருந்தால் அது இன்ஃப்ளுயன்ஸா போன்ற நோய், அதே நிலையில் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிவந்தால் அது கடுமையான மூச்சுத்தொற்று. அதே 2004-இல் நடுவண் அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், களப்பணியாளர் அறிகுறியைக் கண்டு நிரப்பும் எஸ் படிவம், மருத்துவர் நோயை ஊகித்து நிரப்பும் பி படிவம், ஆய்வகம் உறுதிசெய்து நிரப்பும் எல் படிவம் என்று மூன்று வாரப் படிவங்கள் வந்தன.

2009-இல் பன்றிக்காய்ச்சல் என்று மக்கள் அழைத்த புதிய எச்1என்1 வைரஸ் வந்தபோது இவ்வமைப்புகள் பயன்பட்டன; ஆனால் அவை தந்த எண்களை வாசிப்பதில் கவனம் வேண்டும். 2015-இல் நாட்டில் எச்1என்1 உறுதியானவர்கள் 42,592 பேர். இறந்தவர்கள் 2,990 பேர். இவற்றை 1957-இன் எண்களோடு அப்படியே ஒப்பிட்டால், அன்று பத்தாயிரம் நோயாளிகளில் இரண்டு மூன்று பேர் இறந்ததாகவும் 2015-இல் நூற்றுக்கு ஏழு பேர் இறந்ததாகவும் தோன்றி, வைரஸ் முந்நூறு மடங்கு கொடியதாகிவிட்டது என்ற பொய்த்தோற்றம் கிடைக்கும். அன்று காய்ச்சலோடு வந்தவரெல்லாம் ஆய்வகச் சோதனையின்றியே எண்ணப்பட்டனர். 2015-இல் நோய் முற்றிய நிலையில் சோதிக்கப்பட்டவர்களே பெரிதும் எண்ணப்பட்டனர், ஏனெனில் எளிய காய்ச்சலுக்குச் சோதனை தேவையில்லை என்பதே அரசின் வழிகாட்டுதலாக இருந்தது. யாரை எண்ணினார்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தலைப்பில் அச்சிட்ட செய்தித்தாள்கள் மக்களின் அச்சத்தையே வளர்த்தன.

அச்சமில்லாத வாரங்களிலும் விடாமல் எடுத்த மாதிரிகள்தான் இப்பின்னலின் மெய்யான பயனைத் தந்தன. பல ஆண்டு மாதிரிகளை ஊர்வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, இந்தியா முழுமைக்கும் பொதுவான இன்ஃப்ளுயன்ஸா பருவம் ஒன்று இல்லை என்பது வெளிப்பட்டது. ஸ்ரீநகரில் ஐரோப்பாவைப் போல ஜனவரி முதல் மார்ச் வரையும், டெல்லி, புனே முதலிய ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரையும், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நோய் உச்சத்தை எட்டியது. உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசியில் சேர்க்கவேண்டிய வைரஸ்களை வட கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் கோளத்துக்குச் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. நிலவரைபடத்தில் வட கோளத்திலிருக்கும் இந்தியாவில் வட கோளத்தின் நாள்காட்டியைப் பின்பற்றிக் குளிர்காலத்துக்கு முன் ஊசி போட்டால், நாட்டின் பல ஊர்களில் அவ்வாண்டின் நோய் கடந்துபோயிருக்கும். சென்னைவாசி ஒருவர் எந்த மாதத்துக்குள் ஊசி போட்டுக்கொள்வது என்ற சிறிய கேள்விக்கு விடை காண, வேறெங்கிருந்தோ வந்த அட்டவணை உதவாது. அந்த ஊரின் மருத்துவமனைகளிலேயே மாதிரி எடுக்க வேண்டியிருந்தது.

கொரோனாக் காலத்தில் பெருகிய ஆய்வகங்களும், மூன்று தாள் படிவங்களுக்கு மாற்றாக வந்த மின்பதிவும் இன்று இப்பணியை எளிதாக்கியுள்ளன. 1957-இல் குன்னூர் கண்ட குறை மட்டும் இன்னும் தீரவில்லை: காய்ச்சல் கண்ட இந்தியரில் பெரும்பாலோர் முதலில் செல்வது தனியார் மருத்துவரின் சிறிய கிளினிக்குக்குத்தான், அவற்றில் மிகப் பல இன்றும் கண்காணிப்புக்கு வெளியே இருக்கின்றன. மாவட்டத்துக்குச் சில தனியார் மருத்துவர்களாவது, அலை வீசாத மாதங்களிலும், தம்மிடம் வரும் எளிய காய்ச்சல்காரர்கள் சிலரின் சளி மாதிரியை வாரந்தோறும் அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப முன்வர வேண்டும். அதற்கான செலவையும் குச்சியையும் குளிர்ப்பெட்டியையும் அரசு கொடுக்க வேண்டும்.