தஞ்சைக் கூலியும் ஆங்கிலக் கூலியும்

இந்தியாவில் பழகிய ஆங்கிலேயர் இங்கிருந்து எடுத்துக்கொண்ட சொற்களுக்கென்றே ஓர் அகராதி உண்டு. 'ஹாப்சன் ஜாப்சன்' என்று பெயர், 1886இல் வெளிவந்தது. ஹென்றி யூலும் ஆர்தர் கோக் பர்னலும் தொகுத்தார்கள். பர்னல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவரும் அவர்தான். அகராதி அச்சேறுவதற்கு நான்கு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார். அந்த அகராதியில் 'கூலி' ஒரு மனிதன். கூலிக்கு வேலை செய்பவன், சுமை தூக்குபவன், பிற்காலத்தில் கடல் கடந்து தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவன். பர்னல் வழக்குக் கேட்ட அதே தஞ்சையின் களங்களிலோ, அதே ஒலியுள்ள சொல் மரக்காலால் அளந்து கொடுக்கும் நெல்லைக் குறித்தது.

ஆங்கிலச் சொல்லின் மூலத்தைப் பற்றி அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. குஜராத்தின் கோலி என்ற சாதிப் பெயரிலிருந்து போர்த்துகீசியர் வழியே வந்தது என்பது ஒன்று. தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பது மற்றது. இரண்டும் கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். பெயர் மேற்குக் கரையில் கிடைத்திருக்கலாம். பொருள் நம் பக்கத்திலிருந்து போய் அதோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு இரண்டு மொழிகளிலும் அந்தச் சொல்லுக்கு நடந்தது.

தமிழில் கூலி உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது. வள்ளுவர் 619ஆம் குறளில் அதை மனித முயற்சிக்குக் கிடைக்கும் பயனாகவே, தெய்வத்தால் ஆகாதபோதும் கிடைக்கும் ஒன்றாக வைக்கிறார். நடவுக் கூலி, அறுப்புக் கூலி, வண்டிக்கூலி, நகைக்கடைச் செய்கூலி என்று எத்தனை வடிவம் எடுத்தாலும் அது வேலைக்குரிய மதிப்பைத்தான் சொல்கிறது. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். கூலிக்கும் மேலே ஒரு படி இருந்தது. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் நியமித்த 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு (கோயில் ஆடல்மகளிருக்கு) ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கல்வெட்டு அதைப் 'பங்கு' என்கிறது. பங்கு உள்ளவர் கோயிலில் இடம் உள்ளவர். கூலி பெறுபவருக்கு அந்த இடம் கிடையாது. அன்றைய வேலைக்கு அன்றைய அளவு, அவ்வளவே. ஆனாலும் அந்த அளவு அவருக்கு உரியது.

ஆங்கிலத்தில் சொல் கொடுக்கப்படுவதை விட்டுவிட்டுப் பெறுபவர் மேல் ஏறி உட்கார்ந்தது. முதலில் துறைமுகச் சுமைக்காரர். 1834இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய கப்பல்கள் மொரிஷியஸுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போயின. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பனை அடைந்தது. நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கு ஆள் ஏறினார்கள்; அவர்களில் காவிரி டெல்டாவின் நிலமற்ற மக்கள் ஏராளம். கப்பல் பதிவேட்டுக்காகத் தலைகள் எண்ணப்பட்டன. ஆள் சேர்க்கும் கங்காணிக்கோ முகவருக்கோ தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு மனிதரை விலை பேசி ஏற்றும்போது விலையின் பெயரே மனிதரின் பெயராகிவிடுகிறது. இடம் மாறிய அந்தச் சொல் இப்படித்தான் நிலைத்தது என்று நம்புகிறேன்.

அடுத்த இறக்கம் இன்னும் கொடியது. நேட்டாலில் ஒப்பந்தத் தொழிலாளி மட்டுமின்றி வணிகரும் எழுத்தரும் என எல்லா இந்தியரும் 'கூலி' ஆனார்கள். 1893இல் போன காந்தி 'கூலி பாரிஸ்டர்'. வேலையைக் குறித்த சொல் பிறப்பைக் குறிக்கத் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் அது இன்றும் வசைதான். காந்தி தன் வரலாற்றில் இன்னொன்றும் எழுதுகிறார். அங்கே வெள்ளையர் இந்தியரைச் 'சாமி' என்றும் அழைத்தார்கள். ராமசாமி, முத்துசாமி என்ற தமிழ்ப் பெயர்களின் வாலை வெட்டி எடுத்த இளக்காரம் அது. எஜமான் என்று பொருள்படும் சொல்லால் வேலைக்காரனை ஏசுகிறோம் என்பது ஏசியவர்களுக்குத் தெரியாது. டெல்டாவிலோ பண்ணையாள் மிராசுதாரரைத்தான் 'சாமி' என்றும் 'ஆண்டே' என்றும் கூப்பிட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வழியில்லை. தமிழில் கூலி என்ற சொல் கறைபடாமல் இருந்ததற்குக் காரணம் தமிழ்ச் சமூகத்தின் இரக்கமில்லை. இழிவுபடுத்த நம்மிடம் வேறு சொற்கள் தயாராக இருந்தன: சாதிப் பெயர்கள், வயது பாராமல் வீசும் 'டேய்', நிலத்தோடு சேர்த்துக் கைமாறும் 'ஆள்'. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் கீழத்தஞ்சையில் தண்டனையாகவே இருந்தன. வெளிநாட்டில் 'கூலி' செய்த வேலையை உள்ளூரில் சாதி செய்தது. அதனால் கூலிக்கு அந்த வேலை வரவில்லை.

இதனால் ஒரு பெரிய வேறுபாடு விளைந்தது. டெல்டாவின் உழைப்பாளிகளால் அந்தச் சொல்லையே கையில் எடுத்துக்கொண்டு போராட முடிந்தது. பி. சீனிவாச ராவ் போன்றோர் 1940களில் கட்டிய விவசாயச் சங்கம் செங்கொடியோடு கூலி உயர்வு கேட்டது. 1952இல் ராஜாஜி ஆட்சியில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்துபோனார்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் தரப்பினர் கூடுதலாகச் சில படி நெல் கேட்டார்கள். அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்குவதை எதிர்த்தார்கள். சங்கத்தை விட்டு விலக மறுத்தார்கள். கூலிப் பிரச்சினையைக் கணபதியா பிள்ளை ஆணையம் விசாரித்தது. 1969இல் பிறந்த சட்டத்துக்கு நியாயக் கூலிச் சட்டம் என்றே பெயர். நியாயம் என்ற சொல்லைத் தமிழில் கூலிக்கு முன்னால் இயல்பாக வைக்கலாம். ஆங்கிலக் 'கூலி'க்கு முன்னால் வைத்தால் பொருளே வராது.

கடலுக்கு அப்பால் போனவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் உரிமை கேட்டதெல்லாம் அந்தச் சொல்லை மறுத்துத்தான். தரங்கம்பாடிக்குப் பக்கத்திலுள்ள தில்லையாடியிலிருந்து போன குடும்பத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் வள்ளியம்மை. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மேல் விதித்த 3 பவுண்டு வரியை எதிர்த்தும், இந்தியத் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்தும் 1913இல் சத்தியாகிரகம் நடந்தது. அதில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். மறுப்பிலிருந்து உரிமை கொண்டாடலுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1990களில் 'கூலித்துவம்' என்ற கருத்தை முன்வைத்து, கப்பலேறியவர்களின் வாரிசுகளுக்கு அந்தப் பெயரையே ஒரு முகவரியாக்கினார். கயானாவில் பிறந்த கயூத்ரா பகதூர் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி எழுதிய நூலுக்கு 2013இல் 'கூலிப் பெண்' என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார். இரண்டையும் நான் மதிக்கிறேன். என்றாலும் காயம்பட்ட சொல்லை ஆற்றி எடுக்கும் அந்த உழைப்பு டெல்டாவின் கூலிக்குத் தேவைப்படவில்லை.

ஆங்கிலப் பொருள் ரயிலேறி இங்கேயும் திரும்பி வந்தது. சிவப்புச் சட்டையோடு தஞ்சாவூர் ஜங்ஷனில் நிற்பவரைக் 'கூலி' என்று கூப்பிட்டோமே, அது களத்துமேட்டுக் கூலியில்லை, கப்பல் பதிவேட்டிலிருந்து இறங்கியது. 2016 ரயில்வே பட்ஜெட்டில் அந்தப் பெயரை நீக்கி 'சஹாயக்' என்று மாற்றினார்கள்.

இன்று டெல்டாவில் அறுப்பு இயந்திரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. நடவுக்குப் பல இடங்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுக்கள் வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நட்டுக் கொடுக்கிறார்கள். கூலி என்ற சொல் இங்கே இன்னும் பணத்தைத்தான் குறிக்கிறது. அந்த ஆட்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'வடக்கன்'. ஊரைச் சொல்ல வந்த சொல், தேநீர்க்கடையிலும் பேருந்திலும் இப்போது எந்தத் தொனியில் ஒலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நேட்டாலில் 'சாமி' ஒலித்ததும் இதே தொனியில்தான்.