பதின்ம வயதில் திடீர் மனநோய்: பெற்றோர் இழக்கும் மாதங்கள்

நேற்றுவரை கலகலப்பாக இருந்த பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். இரவு முழுவதும் தூங்குவதில்லை. பக்கத்து வீட்டார் தன்னை வேவு பார்ப்பதாகச் சொல்கிறான். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பதில் பேசுகிறான். இதை மருத்துவர்கள் ‘சைக்கோசிஸ்’ என்பார்கள். பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் இது அதிகம் தலைகாட்டுகிறது.

தேர்வு, காதல், கைப்பேசி, கண்ணேறு என்று பெற்றோர் காரணம் தேடுவது இயல்பு. சிராங்கூன் சாலைக் கோயிலில் அர்ச்சனை செய்வதிலும் தவறில்லை. அதன் பலனுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் கெடுதல். சிகிச்சை தள்ளிப்போகப் போக, குணமடைவதும் கடினமாகிறது.

மனநலக் கழகம் 2001ல் இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியத் தனித் திட்டம் தொடங்கியது. அதற்குமுன் நோயாளிகளில் பாதிப்பேர் சிகிச்சைக்கு வரவே ஓராண்டோ அதற்கு மேலோ ஆனது. திட்டம் வந்தபின் அது சுமார் நான்கு மாதமாகக் குறைந்தது. நான்கு மாதமும் அதிகம்தான்.

தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஊர்ப்பேச்சு. 1928ல் இயோ சூ காங் சாலையில் தொடங்கிய மனநல மருத்துவமனை, பின்னர் ‘உட்பிரிட்ஜ்’ என்று பெயர்பெற்று, 1993ல் புவாங்கோக்கிற்கு இடம்மாறியது. பழைய பெயரைச் சொல்லிக் கேலிசெய்யும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. புளோக்கில் யாருக்காவது தெரிந்துவிட்டால், நாளை திருமணப் பேச்சு வந்தால் என்று அம்மாக்கள் அஞ்சுகிறார்கள்.

வீட்டில், பிள்ளைக்குக் கேட்கும் குரல் பொய் என்று வாதாட வேண்டாம்; வாதம் சந்தேகத்தையே வளர்க்கும். அதற்காக உண்மை என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். “எனக்குக் கேட்கலைப்பா, ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது” என்றால் போதும். தூக்கம், பேச்சு, சாப்பாட்டில் வந்த மாற்றங்களைத் தேதியோடு குறித்துவையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவும் 6389 2222 என்ற உதவி எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. ஆலோசனைக்கு 1771 என்ற தேசிய எண்ணும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் 995. காய்ச்சல், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் சேர்ந்து வந்தால் மூளைத்தொற்றாகவும் இருக்கலாம். உடனே பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மருந்து தொடங்கியதும் உடல் எடை கூடலாம், பிள்ளை மந்தமாகத் தெரியலாம். அதைப் பார்த்துப் பெற்றோர் தாமாக நிறுத்தும்போதுதான் பலருக்கும் நோய் திரும்புகிறது. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

பராமரிப்போருக்கும் துணை தேவை. 2011 முதல் இயங்கும் ‘கேர்கிவர்ஸ் அலையன்ஸ்’ அமைப்பு அவர்களுக்கு இலவசப் பயிற்சி தருகிறது. இதே நிலையைக் கடந்துவந்த பெற்றோரை அங்கே சந்திக்கலாம்.