அருணகிரியார் ஆண்ட இரு சொற்கள்

கதிர்காமத்தையும் திருக்கோணமலையையும் பாடி ஈழத்தவர் நெஞ்சில் நிலைத்தவர் அருணகிரிநாதர். அவர் வாக்கிற் பயிலும் சொற்களுள் ‘சலாம்’, ‘இராவுத்தன்’ என்னும் இரண்டும் ஆராயத்தக்கன. இவ்விரண்டையும் ஒருங்கே பிறசமயத்தார் மொழியினின்று வந்தனவென்று கொள்வாரும், அதுபற்றி அவற்றைத் தூய தமிழுக்கு இழுக்கென்பாரும் உளர். அக்கொள்கை பொருந்துமா என்பதை ஈண்டு நோக்குவாம்.

‘சலாம்’ அரபுச் சொல்லே. அம்மொழியில் அமைதி என்பது அதன் பொருள். வாழ்த்தாக வழங்கிய அச்சொல் தமிழில் வணக்கம் என்னும் பொருளைப் பெற்றது. சுவாமிமலைத் திருப்புகழில் அது ‘இடு’ என்னும் தமிழ் வினையோடு புணர்ந்து, தேவர்கள் முருகனை வணங்குதலைக் குறிக்கின்றது.

‘இராவுத்தன்’ அத்தகையதன்று. கந்தரலங்காரத்தில் மயிலேறும் பெருமானுக்கு இப்பெயர் வருகின்றது. வடமொழி ‘ராஜபுத்ர’ என்பது பிராகிருதத்தில் ‘ராஉத்த’ எனத் திரிந்து, கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகியவற்றிற் குதிரைவீரன் என்னும் பொருளில் வழங்கலாயிற்று. பரிக்கு ஈடாக மயிலை வைத்தமையால், மயிலூர்தியான் இராவுத்தனாயினன். குதிரைத் தொழிலோடு தொடர்புற்ற தமிழ் முஸ்லிம்களுக்கு அது பட்டப்பெயராய் அமைந்தமையே மயக்கத்துக்குக் காரணம். சொல்லின் வழக்கு வேறு, பிறப்பு வேறு.

இனி, ‘சலாம்’ என்பதொன்றைக் கொண்டே புலவரைப் பிற்காலத்தவர் எனல் அமையுமோ? அமையாது. அரபு வணிகர் தமிழகக் கரைகளை நெடுங்காலம் அறிவர். 14ஆம் நூற்றாண்டில் மதுரையிற் சுல்தான்களின் ஆட்சி நடைபெற்றது. ஆதலின் அச்சொல் புலவர்க்கு முன்னரே மக்கள் நாவிற் பயின்றிருத்தல் கூடும். அவர் காலத்தைத் துணிதற்கு உறுதியான சான்று, அவரே குறிக்கும் பிரபுடதேவராயர் பெயராகும். அவர் 1446இல் மறைந்த விசயநகர வேந்தர் இரண்டாம் தேவராயர் என்பர் ஆராய்ச்சியாளர். அவ்வேந்தர் தம் படையில் முஸ்லிம் வீரரைச் சேர்த்தனர் என்பது வரலாறு. சொல்லாராய்ச்சி இச்சான்றுக்குத் துணையாகுமேயன்றித் தானே முடிவாகாது.

பிறமொழிச்சொல் புகுதல் இழுக்கென்பாரும் இலக்கண மரபை நோக்குதல் வேண்டும். தமிழொழிந்த நிலங்களினின்று வருவனவற்றையும் நன்னூல் திசைச்சொல் என ஏற்கின்றது. பதினெண்மொழி நிலங்களை எண்ணும் பழம்பாட்டிற் சோனகமும் ஒன்று. ஈழத்தில் முஸ்லிம்களைச் சோனகர் என்னும் வழக்கு நாமறிந்ததே. எனவே ‘சலாம்’ இலக்கண வரம்பைக் கடந்ததன்று.

இறைவனைப் பாடப் புகுந்த புலவர், சந்தையிலும் படைவீட்டிலும் வழங்கிய சொல்லையும் விலக்கினாரல்லர். சந்தத்துள் அமைத்து அதனைத் திருமுன் நிறுத்தினார். மாணவர் ஒரு சொல்லை அயலதென்று ஒதுக்குமுன், அது பிறந்த இடத்தையும் வந்த வழியையும் தேர்ந்தறிவாராக.