ட்ராம் போன வழி

கோட்டையில 103 பஸ்ஸுக்குள்ள நெரிபட்டு நிற்கேக்க எங்களில் ஒருத்தரும் தண்டவாளத்தை நினைக்கிறதில்லை. ஆனால் 1899 முதல் கொழும்பில் மின்சார ட்ராம் ஓடியது. வழி இரண்டுதான்: கோட்டையிலிருந்து ஒன்று கிராண்ட்பாஸுக்கு, மற்றது மருதானையூடாகப் பொரளைக்கு. கறுவாத்தோட்டத்துப் பங்களாக்காரர் காரில் போனார்கள். ட்ராமை நம்பி இருந்தது வடகொழும்புத் தொழிலாளர்கள்.

1929இல் ட்ராம் ஊழியர்கள் ஏ.ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மருதானைப் பொலிஸ் நிலையம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மருதானைச் சந்தியால எத்தனை தரம் போயிருப்பம், இது தெரியாமலே!

1944இல் மாநகர சபை ட்ராமைப் பொறுப்பெடுத்தது. 1953இல் ட்ரொலி பஸ் வந்தது. 1960இல் ட்ராம் நின்றது, நாலு வருசத்தில் ட்ரொலி பஸ்ஸும். தண்டவாளம் திரும்பவும் வரப்போகுது எண்டார்கள்: மாலபேயிலிருந்து கோட்டைக்கு, ஜப்பான் கடனில், இலகு ரயில். 2020இல் அரசாங்கம் அதைக் கைவிட்டது. செலவு கூடவாம். காலமை ராஜகிரியவில் பஸ்ஸுக்குள்ள கரையிற நேரத்தை அந்தக் கணக்கில் யார் சேர்த்தது?

மாலபேக்கு இன்னும் பஸ்தான்.